நான் வராத நாளுக்கு

முப்பத்திரண்டு ஆண்டுகளில் ஒரு நாள்கூடப் பெரிய டீச்சர் தம் மூன்றாம் வகுப்பை இன்னொருவர் கையில் கொடுத்ததில்லை. தொண்டை கட்டிய நாளில் கரும்பலகையில் எழுதிக் காட்டியே பாடம் நடத்தியவர். அவருடைய அப்பாவும் அதே பள்ளியில், அதே வகுப்பில் வாத்தியாராக இருந்தவர்தான். "எங்க வீட்டுல வகுப்பை விட்டுட்டுப் போற பழக்கம் கிடையாது" என்று டீச்சர் சொல்லிக் கேட்காதவர்கள் அந்தப் பள்ளியில் இல்லை.

இப்போது கண்ணில் புரை முற்றிவிட்டது. வெள்ளிக்கிழமை அறுவை, இனியும் தள்ளிப்போட்டால் பார்வைக்கு உத்தரவாதமில்லை என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அன்றைக்கு வகுப்பைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர் விளையாட்டு மாஸ்டர். அவருக்காக டீச்சர் எழுதிய பாடத் திட்டம் பதினான்கு பக்கம் வந்தது.

புதன்கிழமை பள்ளி விட்டதும் ஆசிரியர் அறையில் மாஸ்டர் அதைப் புரட்டினார்.

"டீச்சர், ஒன்பது இருபத்தேழுக்கு ஜன்னலோரப் பையனை மூக்கு சிந்திட்டு வரச் சொல்லணும்னு போட்டிருக்கீங்க. இருபத்தெட்டுக்குச் சிந்தினா தப்பாங்களா?"

"சிரிக்காதீங்க. இல்லேன்னா கணக்கு முடியற வரைக்கும் உறிஞ்சிக்கிட்டே இருப்பான்."

"இதை நான் படிச்சு முடிக்கறதுக்குள்ள பிள்ளைங்க நாலாம் வகுப்புக்குப் போயிடும் டீச்சர்."

டீச்சர் தாள்களை வாங்கிப் பைக்குள் வைத்துக்கொண்டார். "அப்ப விடுங்க. பரீட்சை முடிஞ்சு ஆபரேஷன் பண்ணிக்கறேன்."

வீட்டில் தம்பி வந்து உட்கார்ந்திருந்தார். அக்காவை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போக லீவு போட்டு வந்தவர். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சுருக்கென்று கோபம் வந்தது.

"கண்ணு போயிட்டா அந்தப் பிள்ளைங்க முகத்தை எதை வச்சுப் பார்ப்பே அக்கா?"

"அப்பா பேரு என்னால கெடக் கூடாதுடா."

"சரி, அப்பா பாடக் குறிப்பு எப்படி எழுதுவாருன்னாவது பாரு. பதினாலு பக்கமா எழுதினாரு?"

பரண் மேலிருந்த அப்பாவின் தகரப் பெட்டியைத் தம்பி இறக்கினார். திறந்ததும் சாக்கட்டித் தூளும் பழைய மையும் கலந்த வாசனை வந்தது. அப்பா வீடு திரும்பிச் சட்டையைக் கழற்றும்போது வரும் அதே வாசனை. டீச்சர் குறிப்பேடுகளை ஒவ்வொன்றாக வெளியே எடுத்து வைத்தார். குறிப்பேடுகளுக்கு அடியில் ஒரு பழுப்பு உறை கிடந்தது. மேலே அப்பாவின் கையெழுத்து: 'நான் வராத நாளுக்கு.'

உள்ளே ஒரே ஒரு தாள். டீச்சர் அதைக் கண்ணுக்கு அருகில் பிடித்துப் படித்தார்.

'காலையில் ஒரு கதை. பாதியில் நிறுத்தவும். மீதியைப் பிள்ளைகள் சொல்லட்டும். பிறகு பத்துக் கணக்கு. மதியம் படம் வரையலாம். சத்தம் போட்டால் போடட்டும்.'

பின்பக்கத்தில் வேறு யாரோ எழுதியிருந்தார்கள். 'கதையைப் பிள்ளைகள் நன்றாக முடித்தார்கள். ஐந்து பேர் உங்களைக் கேட்டார்கள். மகள் எப்படி இருக்கிறாள்?' கீழே தேதியும், புதன் என்று கிழமையும்.

டீச்சருக்கு ஏழு வயதில் ஆஸ்பத்திரியில் காலில் கட்டி அறுத்த நாள் அது. இரும்புக் கட்டில், பக்கத்தில் முக்காலி. காலை அசைக்க முடியாமல் படுத்திருந்த அவருக்கு அப்பா நாள் முழுக்க ஆரஞ்சுச் சுளைகளை நார் எடுத்து நார் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். அரைக்கைச் சட்டை, நகத்தடியில் மஞ்சள். நினைத்தால் இன்றும் அந்தக் கை தெரிகிறது.

"அன்னிக்கு ஞாயித்துக்கிழமைன்னுல்ல நெனச்சிருந்தேன்" என்றார் டீச்சர்.

"நீயா நெனச்சுக்கிட்டே. லீவே போட்டதில்லைன்னு அவர் என்னிக்காவது சொன்னாரா?"

டீச்சர் யோசித்துப் பார்த்தார். சொன்னதில்லை. ஊரெல்லாம் சொன்னது டீச்சரேதான்.

உறையை எடுத்துத் தம் கைப்பைக்குள் வைத்தார். "இதை வெளியில சொல்லிட்டுத் திரியாதே" என்றார், முதுகு நிமிர்ந்தபடியே. பிறகு ஒரு வெள்ளைத்தாள் கேட்டார்.

மறுநாள் காலை மணி அடிக்கும் முன் மாஸ்டர் கையில் அந்த ஒற்றைத் தாள் இருந்தது. அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"மூக்கு சிந்தற நேரம் எங்கே டீச்சர்?"

"அவன் சிந்தும்போது சிந்தட்டும்."

"பின்பக்கம் ஒண்ணுமே இல்லையே."

"அது உங்களுக்கு. கதையைப் பிள்ளைங்க எப்படி முடிச்சாங்கன்னு எழுதி வைங்க" என்றார் டீச்சர். இரண்டடி போய்த் திரும்பி நின்றார். "யாராவது என்னைக் கேட்டா, அதையும்."