பூத்த பிறகு மாட்டிய உறை

1

இந்தக் கதை வயிற்றெரிச்சலில் பிறந்தது. லூதியானா வேளாண் பல்கலைக்கழக விடுதியில் என் அறைத்தோழன் தில்ராஜுக்குக் கல்யாணம் நிச்சயமாகிவிட்டது, எனக்கு ஆகவில்லை. ஆகவே அவனைப் பற்றி எழுதுகிறேன்.

முதல் தொடக்கம்: ‘பனி விலகிய கோதுமை வயலின் மேல் பொன்னிறச் சூரியன்—’ வேண்டாம். அந்தச் சூரியன் வங்கி நாள்காட்டியில் ஏற்கெனவே உதித்துவிட்டது.

இரண்டாவது: ‘ஒரு ஊரில் ஒரு ஆண் மலட்டுக் கோதுமை இருந்தது.’ இது உண்மை. கோதுமைப் பூ வெளியாளை நம்பாது. தன் மகரந்தத்தில் தானே கருவுறும். வீரிய ஒட்டு விதை வேண்டுமென்றால் தாய்ச்செடியை மகரந்தமே இல்லாததாக வளர்த்து, பக்கத்துச் செடிக்காகக் காத்திருக்க வைக்க வேண்டும். ஆனால் அதன் பிள்ளையும் மலடாகிவிட்டால் விவசாயி வைக்கோலைத்தான் அறுப்பான். எனவே இழந்த மகரந்தத்தைப் பிள்ளைக்கு மீட்டுக்கொடுக்கும் தகப்பன் தேவை. அந்தத் தகப்பனைக் கண்டுபிடிப்பதுதான் தில்ராஜின் முனைவர் பட்டம்.

2

இந்த இடத்தில், தில்ராஜுக்கும் ஏதோ குறை என்று நீங்கள் எதிர்பார்ப்பீர்கள். நானும் எதிர்பார்த்தேன். மெஸ்ஸில் அவனிடமே சொன்னேன்.

“ஓய், என்னை மலடன்னு எழுதினே, பராட்டாவோட சேர்த்து உன்னையும் கல்லுல போட்டுருவேன்.”

“உருவகம்டா.”

“உருவகத்துக்கு உங்கப்பாவை வச்சுக்கோ.”

(நான் பிறந்துவிட்டதால் அவருக்கு அந்தத் தகுதி இல்லை. உருவகம் கைவிடப்பட்டது.)

3

பரிசோதனை எளிது. பிள்ளைச் செடியின் கதிர் பூக்கும் முன்பே அதற்குப் பட்டர்பேப்பர் உறை மாட்டிவிட வேண்டும். உறைக்குள் மணி பிடித்தால் மகரந்தம் அதனுடையதே, தகப்பன் தேறினார். பிடிக்காவிட்டால் வேறு தகப்பன், அடுத்த வருடம்.

உறை மாட்ட வேண்டிய காலையில் தில்ராஜ் ஹோஷியார்பூரில் மணப்பெண் ரம்நீக்குடன் ரோக்காவில் உட்கார்ந்து, வருங்கால மாமியார் ஊட்டிய லட்டைத் தின்றுகொண்டிருந்தான்.* திரும்பி வந்தபோது பூக்கள் வாயைப் பிளந்து நின்றன. பக்கத்துப் பாத்திகளில் மற்ற கோதுமைகள் காற்றில் மகரந்தத்தை வாரியிறைத்துக்கொண்டிருந்தன. அவன் ஒன்றும் நடக்காதது போல உறைகளை மாட்டினான்.

* ரோக்கா: நிச்சயதார்த்தம். மாப்பிள்ளை பாதியில் எழுந்து ‘என் கதிர் பூத்துவிடும்’ என்றால் அந்த இடத்திலேயே முடிந்துவிடும்.

பைசாகி அறுவடைத் திருநாள் கழிந்து உறைகளைப் பிரித்தோம். உள்ளே மணி, நிறைய மணி.

4

“சபாஷ்டா சிங்கமே! இந்தத் தகப்பனுக்கு உன் பேரையே வைக்கலாம்!” என்று ஆய்வு வழிகாட்டி டாக்டர் கஹ்லோன் அவனைக் கட்டிப்பிடித்தார்.

அறைக்கு வந்த தில்ராஜ் தலைப்பாகையைக்கூடக் கழற்றவில்லை.

“மணி அதோட சொந்தமாவும் இருக்கலாம்ல?”

“இருக்கலாம். பக்கத்து வீட்டுக்காரனோடதாவும் இருக்கலாம்.”

“மறுபடி விதைச்சா ஒரு வருஷம் போயிரும்டா. மாப்பிள்ளை டாக்டர் ஆனப்புறம்தான் கல்யாணம்னு ரம்நீக் அப்பா சொல்லிட்டாரு.”

“ரம்நீக்கிட்ட சொன்னியா?”

“ரோக்காவாலதான் லேட்டுன்னா, ‘அப்ப நான்தான் காரணமா’ன்னு ஆரம்பிப்பா.” என் தாள்களைப் பார்த்தான். “இதுல அந்த லட்டுப் பகுதியை எடுத்துடு.”

“எடுத்தா கதையே இல்லையேடா.”

“கதை இல்லாட்டி என்ன? கல்யாணம் இருக்கும்ல.”

5

முடிவு அ: தில்ராஜ் உண்மையைச் சொல்கிறான், மறு வருடமும் மணி பிடிக்கிறது, கல்யாணத்தில் பாங்ரா ஆட்டம். (அறத்துக்கு இவ்வளவு சீக்கிரம் கூலி கொடுக்கும் பல்கலைக்கழகத்தை நான் பார்த்ததில்லை.)

முடிவு ஆ: சொல்லவில்லை. விதை வயலுக்குப் போகிறது. அறுவடைக்கு வந்தவர்கள் கதிரைத் தேய்த்துப் பார்க்கிறார்கள், உள்ளங்கையில் வெறும் உமி. அப்போது டாக்டர் தில்ராஜ்—

வேண்டாம். நடப்பதை எழுதுகிறேன். கஹ்லோன் ஆய்வேட்டில் கையெழுத்துப் போடப் பேனாவைத் திறக்கிறார். பேச்சுவாக்கில் கேட்கிறார்: “பூக்கறதுக்கு முன்னாடியே மாட்டிட்டே இல்ல?”

தில்ராஜ் என்னைத் தேடுகிறான். நான் அங்கே இல்லை. எழுதுகிறவனுக்கு அந்த வசதி உண்டு. எங்கள் இருவரைத் தவிர விஷயம் தெரிந்தவர் இன்னும் ஒருவர்தான்.

கஹ்லோன் நிமிர்ந்து வாசலைப் பார்க்கிறார்.

“யாருப்பா அது, இவ்வளவு நேரமா நின்னு படிச்சிட்டிருக்கறது? உள்ள வா. உனக்குத் தெரியுமா?”