சொக்கியின் கருமுட்டை

"மீஞ்சூர்ல எறங்கி டீ குடிச்சியா இல்லியா, அதச் சொல்லு—"

"வண்டி நின்னுபோச்சுன்னு எத்தினி வாட்டிடி—"

"வண்டி நின்னா நீ ஓடணும்யா! கையில இருந்தது சொக்கியோட வம்சம். உங்கம்மா ஊட்டுக்கு எடுத்துனு போற மாம்பழமா?"

"செத்துப்போன எங்கம்மாவ ஏண்டி இழுக்கிற?"

ஆராய்ச்சிக்கூடத்து வாசல் பெஞ்சில் ரோசம்மாள் ஒரு முனை, புருஷன் அந்தோணி மறு முனை. நடுவில் நாஷ்டா டப்பா, திறக்காமலே.

போன வருஷம் காய்ச்சல் வந்து பன்னிக் கொட்டாயே காலியானது. மிஞ்சியவள் சொக்கி ஒருத்திதான். அவளையும் இந்த வாரம் சிப்காட் ரோட்டில் கன்டெய்னர் லாரி இடுப்பை முறித்துப் போட்டது. அறுத்துத்தான் ஆகணும் என்றார்கள். ரோசம்மாள் அழுத அழுகையைப் பார்த்து, இங்கே வேலை பார்க்கும் சுமலதாதான் வழி சொன்னாள்: "முட்டைப்பையை எடுத்துக் குடுத்தனுப்புங்க. கருமுட்டையைப் பொட்டியில வெச்சுப் பழுக்க வெப்போம். பழுத்தா விந்து சேர்த்து, வேற பன்னி வயித்துல வெச்சுப் பாக்கலாம்."

"தோ வராங்க. லேட்டானதாலதான்னு அவங்க வாயால வரட்டும், அப்புறம் இருக்குது உனக்கு."

"வரட்டும்." அந்தோணி செருப்பையே பார்த்தான்.

சுமலதா உட்காரவில்லை. "அக்கா, ஒண்ணுகூடப் பழுக்கல."

"ஒண்ணுகூடவா?"

"பழுத்தா சுத்தி இருக்கிறது பஞ்சாட்டம் உப்பி விரியும். எல்லாம் இறுகினது இறுகினபடியே நிக்குது."

"கேட்டுக்கினியாய்யா? லேட்டு!"

"லேட்டு இல்லக்கா, அந்த நேரமெல்லாம் தாங்கும். குளிர்தான். பன்னி முட்டையில கொழுப்பு ஜாஸ்தி, சில்லுனு பட்டாலே போச்சு. அதான் வெதுவெதுன்னு உப்புத்தண்ணி ஊத்தி ஃபிளாஸ்க் குடுத்தது. கொண்டாந்த அன்னிக்கே அண்ணன்கிட்ட—"

"ஐஸ் நான்தான் போட்டேன் மேடம்," அந்தோணி குறுக்கே விழுந்தான். "வெயிலு பாருங்க, கெட்டுப்பூடும்னு..."

"நீங்களா? ஊட்டுல போட்டுக் குடுத்தாங்கன்னு சொன்னீங்களேண்ணே."

ரோசம்மாள் புருஷனைத் திரும்பிப் பார்த்தாள். பழவேற்காட்டு மீன் விற்றுப் பிழைப்பவள் அவள். எது கெடாமல் இருக்கணுமோ அதற்கு ஐஸ் போடணும், அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும். "கெடாம போய்ச் சேரட்டும், ராசாத்தி" என்று சொல்லிக்கொண்டேதான் ஃபிளாஸ்க் மூடியைத் திறந்து ரெண்டு கை அள்ளிப் போட்டாள்.

"ஐஸ் பட்டது தெரிஞ்சும் மனசு கேக்கலக்கா, அதான் உங்ககிட்ட சொல்லாம வெச்சுப் பாத்தேன்," என்றுவிட்டு சுமலதா உள்ளே போனாள்.

ரோசம்மாள் எழுந்து கேட்டைத் தாண்டி நடந்தாள். டப்பாவைத் தூக்கிக்கொண்டு அந்தோணி பின்னாலேயே ஓடினான்.

"தெரிஞ்சுதானே இருந்துது உனக்கு," அவள் திரும்பாமல் கேட்டாள். "அன்னியிலருந்து நான் கத்து கத்துனு கத்துறேன். நீ பாட்டுக்கு வாங்கிக்கினே..."

மேலே குரல் வரவில்லை. ஸ்டேஷன் வரைக்கும் வரவில்லை.

"கத்துடி ரோசா. ஊடு போய்ச் சேர்ற வரைக்கும் கத்திக்கினே வா."