பனிமேட்டில் உட்கார்ந்தவன்

ஹௌரா மெயில் கல்யாணில் நின்றதும் செல்லப்பாண்டி தலையில் துண்டைச் சுற்றிக்கொண்டு இறங்கினான். டிக்கெட் பம்பாய் வி.டி. வரைக்கும் இருந்தது. ஆனால் தாதரிலோ வி.டி.யிலோ தாராவிக்காரர்கள் யாராவது கண்ணில் பட்டுவிடுவார்கள். அதே வி.டி.யில்தான் தமிழ் வாலிபர் சங்கத்தார் அவனுக்கு மாலை போட்டு, பெட்டி வாசலில் நிற்கவைத்துப் போட்டோ எடுத்து ரயிலேற்றி அனுப்பியிருந்தார்கள். மலையேற்றப் பயிற்சி முடிய இன்னும் மூன்று வாரம் பாக்கியிருந்தது. மலையேறுகிறவர்கள் மாட்டும் பெரிய பையை முதுகில் மாட்டாமல், உருளைக்கிழங்கு மூட்டையை இழுப்பதுபோலக் கையில் இழுத்துக்கொண்டு லோக்கல் ஏறி, குர்லாவில் மாறி, மான்குர்த்தில் இறங்கினான். அதற்குமேல் ரயில் கிடையாது. அங்கே உப்பளத்தை ஒட்டித் தகரக் கொட்டகையில் நாகூர் கனி தோல்பை தைக்கும் பட்டறை வைத்திருந்தான். கடையநல்லூர்க்காரன், செல்லப்பாண்டியோடு ஒரே கப்பில் டீ குடித்து வளர்ந்தவன்.

அவனைக் கண்டதும் நாகூர் கனி ஊசியை அப்படியே நிறுத்தினான்.

“ஏல பாண்டி, என்னல ஆச்சு? உடம்புக்குச் சொகமில்லயா?”

“திருப்பி அனுப்பிட்டாங்க. இங்கன கொஞ்ச நாள் கெடக்கேன். வீட்டுக்குத் தெரிய வேண்டாம்.”

நாகூர் கனி வேறொன்றும் கேட்கவில்லை. தோல்துண்டுகளை ஒதுக்கி, மூலையில் பாய் விரிக்க இடம் பண்ணினான். அவன் கேட்காமல் விட்டது செல்லப்பாண்டிக்கு அந்த நேரத்தில் உதவியாக இருந்தது. இரண்டு நாள் கழித்து அதுவே தாங்க முடியாததாகிவிட்டது.

காட்கோபரில் ஒரு கம்பெனியில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவன் செல்லப்பாண்டி. கூட வேலை பார்த்த மராட்டிக்காரன் ஒருவன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மும்ப்ரா பாறைகளுக்கு அழைத்துப் போனதிலிருந்து அந்தக் கிறுக்கு பிடித்தது. மலையேறும் கிளப்பின் செயலாளர் கோட்போலே, இவன் வெறுங்காலோடு செங்குத்துப் பாறையில் ஏறுவதைக் கீழேயிருந்து பார்த்துவிட்டு, மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார். நாலு வருஷத்தில் செல்லப்பாண்டி புதியவர்களுக்குக் கயிறு கட்டச் சொல்லிக்கொடுப்பவனானான். பிள்ளைகளைக் காட்டுக்கும் மலைக்கும் கூட்டிப்போய்ப் பழக்க, கர்ஜத் பக்கம் கிளப் ஒரு நிரந்தர முகாம் தொடங்க இருந்தது. அங்கேயே தங்கிப் பயிற்சி கொடுக்க ஓர் ஆள் வேண்டும். டார்ஜிலிங் பக்கத்து மலையேற்றப் பள்ளியில் படித்துத் தேறி வந்தால் வேலையும் வீடும் உனக்குத்தான் என்றார் கோட்போலே. லேத்தின் எண்ணெய்ப்புகையை விட்டு ஒரு மனிதன் மலையில் நடப்பதற்காகவே சம்பளம் வாங்க முடியும் என்பதை அவன் மனைவி முப்பிடாதியம்மாளால் நம்பவே முடியவில்லை. ஆனாலும், “கெணறு உண்டுமா அங்க?” என்று மட்டும் கேட்டாள். உண்டு என்றதும் அவள் முகம் தெளிந்தது. தாராவியில் அவள் தண்ணீர்க் குழாயடியில் நிற்கிற நிற்பு அப்படி.

சங்கத்தாருக்கு விஷயம் வேறு மாதிரிப் புரிந்தது. சீனச் சண்டை முடிந்து இரண்டு வருஷம்தான் ஆகியிருந்தது. பனிமலை என்றாலே எல்லை, ராணுவம், துப்பாக்கி என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். சங்கத் தலைவர் பிரம்மநாயகம் மளிகைக்கடை வைத்திருந்தார். வழியனுப்பு விழாவில் மைக்கைப் பிடித்து, “நம்ம தம்பி இமயமலைக்குப் போறான்” என்று அவர் சொன்னபோது, சொன்ன விதத்திலேயே போர்முனை இருந்தது. செல்லப்பாண்டி மறுத்துச் சொல்லவில்லை. கேட்க நன்றாக இருந்தது.

பட்டறையில் சும்மா இருக்க முடியாமல் வார் தைத்தான். தைக்கும்போது கை தன்பாட்டுக்கு ஓடும், மனம் பயிற்சியின்போது ஏறிய அந்தப் பனிமேட்டுக்குப் போய்விடும். பாறையைப் பற்றி அவனுக்குப் பயமே கிடையாது. பாறையில் கைக்கு ஒரு பிடி உண்டு, முகத்துக்கு எதிரே ஒரு சுவர் உண்டு. அந்தப் பனிமேடு கத்தியின் முதுகுபோலக் கிடந்தது. இரண்டு பக்கமும் ஒன்றுமில்லை, வெறும் வெள்ளை. ஒரே கயிற்றில் மூன்று பேர் போய்க்கொண்டிருந்தார்கள். முன்னால் கூடப் பயிற்சி எடுத்த தன்சிங் என்ற கார்வால் மலைநாட்டுச் சிப்பாய், நடுவில் இவன், பின்னால் பயிற்சியாளர். மேட்டின் பாதியில் செல்லப்பாண்டியின் கால்கள் நின்றன. அவன் நிறுத்தவில்லை, அவை நின்றுவிட்டன. உட்கார்ந்தான். ஒரு கையுறையைப் பிய்த்துப் போட்டுவிட்டுப் பனிக்குள் விரல்களைக் குத்திப் பிடித்துக்கொண்டான். கையுறை சரிந்து உருண்டு, கீழே எங்கோ மறைந்தது. எழுந்திரு என்று பின்னாலிருந்து பயிற்சியாளர் அதட்டினார், கெஞ்சினார். அவன் அழுதான். “அம்மா, அம்மா” என்று தமிழில் அழுதான்.

தன்சிங் திரும்பித் தவழ்ந்து வந்தான். தன்னுடைய கையுறையைக் கழற்றி இவன் கையில் மாட்டினான். பிறகு அந்த வெறுங்கையாலேயே இவன் இடுப்புக் கயிற்றைப் பிடித்து, குழந்தையை நகர்த்துவதுபோலக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்திக் கொண்டுவந்து சேர்த்தான். காற்று அறைந்துகொண்டே இருந்தது. முகாமில் வெந்நீரில் கையை வைத்தபோது தன்சிங்கின் இரண்டு விரல்நுனிகள் கறுத்திருந்தன. டாக்டர் உதட்டைப் பிதுக்கினார். தன்சிங் இவனைப் பார்த்து, “கோயி பாத் நஹீ, பாய்”, பரவாயில்லை தம்பி என்று சிரித்தான். மறுநாள் பயிற்சியாளர் இவனைக் கூப்பிட்டு, பயம் எல்லோருக்கும் வரும், ஆனால் இன்னொருத்தரை உன் கயிற்றில் கட்டி அனுப்ப என்னால் முடியாது என்றார். ஏசியிருந்தால் தேவலை. அவர் தோளில் கைவைத்துச் சொன்னார். விடியும் முன்பே, யாரிடமும் சொல்லிக்கொள்ளாமல், செல்லப்பாண்டி இறங்கி வந்துவிட்டான்.

மான்குர்த்தில் நாட்கள் நகர நகர, தாராவியில் சொல்ல வேண்டியதை அவன் மனசுக்குள் தயார் செய்யத் தொடங்கினான். உச்சி இப்படி இருந்தது, காற்று இப்படி அடித்தது என்று. தைத்துக்கொண்டே ஒருநாள் நாகூர் கனியிடம் அதில் கொஞ்சத்தைச் சொல்லியும் பார்த்தான். நாகூர் கனி தோலை அறுத்துக்கொண்டே கேட்டான். மறுநாள் காலையில் சட்டையை மாட்டிக்கொண்டு, எங்கே என்று சொல்லாமல் புறப்பட்டுப் போனான். மத்தியானம் திரும்பியபோது அவன் பின்னால் முப்பிடாதியம்மாள் வந்தாள்.

அவள் வாசலிலேயே நின்றாள். வெயிலில் வந்த கண்ணுக்கு உள்ளே முதலில் ஒன்றும் தெரிந்திருக்காது. பிறகு, தோல்குவியல் நடுவே ஊசியும் கையுமாக உட்கார்ந்திருந்தவனைப் பார்த்தாள். செல்லப்பாண்டி எழுந்திருக்கவில்லை. தன்னைத் திருட்டுப் பொருள்போல அங்கே யாரோ போட்டு வைத்திருப்பதாக அவனுக்குத் தோன்றியது.

“கை காலு நல்லாத்தான இருக்கு?” என்றாள். “வாங்கன்னு மட்டும்தான் அண்ணன் சொன்னாவ. நான் என்னவோ ஏதோன்னு பதறிக்கிட்டு வாரேன். ரயில்ல ஏறினதுல இருந்து சாமியக் கும்பிட்டுக்கிட்டு வாரேன்.”

“நல்லாத்தான் இருக்கு.”

நாகூர் கனி வெளியே போய்விட்டான். செல்லப்பாண்டி தரையைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னான். அழுததை விட்டுவிட்டுச் சொன்னான். பிறகு அதையும் சொன்னான். அவள் வைவாள் என்று எதிர்பார்த்தான். கர்ஜத் வீட்டையும் கிணற்றையும் நினைத்து அழுவாள் என்று எதிர்பார்த்தான். இரண்டுமில்லை. “அந்த மனுசனுக்குப் பிள்ளைய உண்டா?” என்றாள்.

“யாருக்கு?”

“ஒங்களக் கூட்டியாந்தாருல்லா, அவருக்கு.”

அவனுக்குத் தெரியவில்லை.

“வெரலு என்னாச்சு? எடுத்துட்டாங்களா?”

அதுவும் தெரியவில்லை. இத்தனை நாளும் அந்தப் பனிமேட்டை ஆயிரம் தடவை நினைத்திருக்கிறான். ஒவ்வொரு தடவையும் அதில் தன்னை மட்டும்தான் பார்த்திருக்கிறான். சிப்பாயின் வேலையே துப்பாக்கி பிடிக்கும் விரலில்தான் இருக்கிறது என்பது, அவள் கேட்ட பிறகுதான் அவனுக்கு உறைத்தது.

“கேக்காமயா வந்திய?” என்றாள் முப்பிடாதியம்மாள், மெதுவாக. அவன் ஊசியைத் தோலில் குத்தி வைத்தான்.

அன்றைக்கே அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். முதலில் தாதரில் கோட்போலே வீட்டுக்குத் தனியாகப் போய்ச் சொன்னான். அவர் முழுக்கக் கேட்டுவிட்டு, கர்ஜத்துக்கு வேறு ஆள் பார்க்கிறேன் என்றார். தண்ணீர் கொடுத்தார். வாசல்வரை வந்து, அடுத்த ஞாயிறு மும்ப்ராவுக்கு வருவாயா என்று கேட்டார்.

தாராவியில் பிரம்மநாயகத்தின் கடையில் சொன்னபோது அவர் தராசைக் கீழே வைத்தார். கடைப்பையனை டீ வாங்க அனுப்பிவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“தம்பி, ஒங்களுக்கு வைக்கிற பாராட்டு விழாவுக்கு நோட்டீஸ் அடிச்சாச்சு. மாட்டுங்காவுல இருந்து ஆபீசர் ஒருத்தரு தலைமை தாங்க வாராரு. நீங்க இமயமலைக்குப் போனது நெசம்தான?”

“நெசம்தான், அண்ணாச்சி. ஆனா பாதியில…”

“பாதியோ முழுசோ, இங்க எவனுக்குய்யா மாலும், எவனுக்குத் தெரியும்? சும்மா ரெண்டு வார்த்த பேசிட்டு உக்காந்துருங்க. நம்ம ஆளுகளுக்கு ஒரு சந்தோசம். அதக் கெடுக்காதிய.”

அவன் முப்பிடாதியம்மாளைத் திரும்பிப் பார்த்தான். அவள் கடைக்கு வெளியே, பருப்பு மூட்டையருகே, வேறு பக்கம் பார்த்தபடி நின்றாள்.

விழா பள்ளிக்கூட மைதானத்தில் நடந்தது. ஆபீசர் பாரதத்தின் வடதிசையைப் பற்றி நெடுநேரம் பேசினார். செல்லப்பாண்டியைக் கூப்பிட்டபோது மைக் அவன் உயரத்துக்குச் சரியாக இல்லை, யாரோ ஓடிவந்து திருகினார்கள். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், சுவரின் மேல் பிள்ளைகள். இத்தனை முகங்களை ஒன்றாகப் பார்த்ததும் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டான்.

“நான் மேல போகல” என்றான். “பாதியில பயந்து உக்காந்துட்டேன். அழுதேன். தன்சிங்னு ஒரு சிப்பாய், அவரு கையுறையக் கழத்தி எனக்குப் போட்டாரு. பனி கடிச்சு அவரு வெரலு ரெண்டு கறுத்துப்போச்சு. எனக்காவத்தான். நான் அவருகிட்ட ஒண்ணும் கேக்கல. சொல்லாம ஓடியாந்துட்டேன்.”

சிப்பாய், பனி, விரல் என்ற சொற்கள் கூட்டத்துக்குள் போய் இறங்கிக்கொண்டிருந்தன. முன்வரிசையில் ஒரு பெரியவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார். யாரோ, “நம்ம ஜவான்!” என்று கத்தினார். “என்ன தன்னடக்கம் பாருங்க” என்று ஆபீசர் பிரம்மநாயகத்திடம் சொன்னது மைக்கில் கேட்டது. முதலில் சுவர்மேல் இருந்த பிள்ளைகள் கை தட்டினார்கள். பிறகு எல்லோரும் தட்டினார்கள். விசிலடித்தார்கள். பிரம்மநாயகம் முகமெல்லாம் சிரிப்பாக எழுந்து நின்று தட்டினார். செல்லப்பாண்டி இல்லை, அப்படி இல்லை என்று மைக்கில் ஏதோ சொன்னான். அது எவருக்கும் கேட்கவில்லை.

அவன் பெண்கள் பக்கம் தேடினான். மூன்றாவது வரிசையில் முப்பிடாதியம்மாள் உட்கார்ந்திருந்தாள். சுற்றிலும் வளையல்கள் குலுங்கக் கைகள் தட்டிக்கொண்டிருந்தன. அவள் கைகள் மட்டும் மடியில் மல்லாந்து கிடந்தன, விரல்கள் கொஞ்சம் விரிந்து.