பதினாறு நாள் கரண்ட்

அரப்புத் துணி சீதேவியின் கழுத்திலிருந்த ஊதாக் கோட்டருகே வந்ததும் மனோகரி தன்னையறியாமல் அன்னபூரணம் மாமியின் கையைப் பிடித்துவிட்டாள்.

"அதிலை தண்ணி படக்கூடாது மாமி."

கிணற்றடியைச் சுற்றிச் சேலை பிடித்து நின்ற பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"உயிரோடை இருக்கேக்கை காவல் நிண்டாய். இனியுமோ, பிள்ளை?" என்றாள் மாமி. குரலில் கோபம் இல்லை.

மனோகரி கையை எடுத்தாள். அக்காவின் கழுத்தில் ஊதா நிறம் கரைந்து வாழையிலையில் ஓடியது.

முதல் கோடுகளைக் கீறியது கொழும்பில். மூக்குக்குப் பின்னால், தொண்டைக்கு மேலே புற்றுக் கட்டி. அந்த இடத்துக்குக் கத்தி போகாது, கதிர் பாய்ச்சுகிற கரண்ட் பிடிக்கிறதுதான் வழி, முப்பத்தைந்து நாள் என்று டொக்டர் சொன்னதைத் தமிழ் தெரிந்த ஒரு நேர்ஸ் அவர்களுக்குச் சொன்னாள். எங்கே பிடிக்க வேண்டும் என்று தெரிவதற்காகத் தாடையிலும் கழுத்திலும் கோடு கீறினார்கள். முடியும்வரை அது அழியக் கூடாது.

பதினாறாம் நாள் சீதேவியால் எச்சில்கூட விழுங்க முடியவில்லை. வாயெல்லாம் வெந்திருந்தது. "வீட்டை போவம் மனோ. எங்கடை கிணத்துச் சவர்த்தண்ணி ஒரு மிடறு குடிச்சாலே ஆறிடும்" என்று அழுதாள்.

மனோகரி நேர்ஸைக் கூப்பிட்டுக் கேட்டாள். "இடையிலை விட்டால் கட்டி திரும்ப எழும்பும். ஒரு கிழமைகூட விடக்கூடாது" என்றாள் நேர்ஸ்.

சீதேவி பக்கத்தில்தான் இருந்தாள். அந்த நோயில் அவளுக்கு இரண்டு காதும் அடைத்துவிட்டன. தங்கையின் வாயையே பார்த்தபடி, "என்னவாம்?" என்றாள்.

அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு மனோகரியால் உண்மையைச் சொல்ல முடியவில்லை. நேர்ஸ் போனதும் காதருகே குனிந்து சத்தமாகச் சொன்னாள்: "பத்து நாள் வீட்டை போட்டு வரலாமாம்."

வீட்டுக்கு வந்த எட்டாம் நாள் சண்டை தொடங்கியது. கொழும்பு ரயில் நின்றது, பாதையைப் பூட்டிவிட்டார்கள். பாதை திறந்தால் பதினேழாம் நாளிலிருந்து தொடரலாம் என்று, நனைத்தால் ஊதாவாகும் பென்சிலால் மனோகரி கிழமைக்கு இரண்டு தரம் கோடுகளின் மேல் கீறினாள்.

"நல்லாத்தான் வேலி அடைக்கிறாய். காணி உறுதியும் எழுதிவை. எல்லைச் சண்டைக்கு ஆரும் வருவினம்" என்று சீதேவி சிரிப்பாள்.

ஒரு வருடம் அப்படிப் போயிற்று. கடைசி மாதங்களில் கட்டிகள் கோட்டைத் தாண்டித் தோளில் வந்தன. மனோகரி அப்போதும் கீறினாள்.

கூறைச்சேலை உடுத்திச் சீதேவியை விறாந்தையில் கிடத்தினார்கள். அவளுடைய புருஷன் இராசநாயகம் மனோகரியைக் குசினிப் பக்கம் கூப்பிட்டார்.

"ஆக்கள் கேக்கினம், மனோ. ஏன் இடையிலை கூட்டிக்கொண்டு வந்தனீங்கள் எண்டு. டொக்டர் விட்டவர் எண்டு சொல்லுறன். சரிதானே?"

ஓம் என்று ஒரு சொல் சொன்னால் போதும். அவள் அடுப்புச் சாம்பலைப் பார்த்தாள்.

"இல்லை அத்தான். விடக்கூடாது எண்டுதான் சொன்னவை. நான்தான் மாத்திச் சொன்னனான். அக்காவுக்கும், உங்களுக்கும்."

வெளியே பறை முழங்கிக்கொண்டிருந்தது. இராசநாயகம் கதவு நிலையைப் பிடித்தார்.

"அவ கேட்டவவோ? வீட்டை வரவேணும் எண்டு?"

"ஓம். ஒவ்வொரு நாளும்."

அவர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு வெளியே போனார். முற்றத்தில், மடத்துவெளியிலிருந்து வந்திருந்த ஒன்றுவிட்ட அண்ணன் அப்புத்துரை அவரை நிறுத்தினார்.

"கேக்கிறனெண்டு குறை நினையாதை தம்பி. முப்பத்தைஞ்சு நாளையும் முடிச்சிருக்கலாமே. ஆர் விட்டது?"

மனோகரி குசினி வாசலுக்கு வந்தாள்.

"டொக்டர்தான் விட்டவர் அண்ணை" என்றார் இராசநாயகம். "தூக்குங்கோ, நேரமாகுது."

பெண்கள் வாசல் படலையோடு நின்றுகொண்டார்கள். ஒழுங்கையின் மணலில் வெள்ளைத் துணி விரித்திருந்தது. பாடைக்கு முன்னால் கொள்ளிச் சட்டியோடு இராசநாயகம் அதன்மேல் நடந்தார். அவர்கள் கடந்துவிட்ட துணியை இரண்டு பேர் பின்னாலிருந்து சுருட்டி எடுத்து, முன்னால் ஓடிப்போய், மறுபடியும் விரித்தார்கள்.