கலைந்த சபையின் உறுப்பினர்

1976 ஜனவரி 31, சனிக்கிழமை மாலை, தமிழ்நாட்டில் மந்திரிசபை நீக்கப்பட்டது, சட்டசபை கலைக்கப்பட்டது.

ஏற்காட்டில் ரேடியோவில் அதைக் கேட்ட எம்.எல்.ஏ. சின்னையனுக்கு, பதவி போனதைவிடச் சித்தன் நினைப்புதான் முதலில் வந்தது. கிளியூர்க் கண்ணாயியின் மகன் சித்தன், வீட்டு விட்டத்துக்குக் காட்டு மரத்தை வெட்டியதாக வனத்துறையின் சந்தேகத்தில் மாட்டியிருந்தான். அபராதத்தோடு விடுவதாக அன்று காலைதான் ரேஞ்சர் சின்னையனிடம் சொல்லியிருந்தார். அந்தத் தைரியத்தில், வெட்டவே இல்லையென்று சாதித்த பையனை வனக் காவலர்களான கார்டுகள் முன்னால் ஒப்புக்கொள்ள வைத்தவரும் சின்னையன்தான். மலையில் வழக்கம் அப்படி. ஊர்த்தலைவரான பட்டக்காரர் முன்னால் உண்மையைச் சொன்னால் தெண்டம் என்று ஒரு அபராதம் போடுவார். அதோடு பேச்சு முடிந்தது. சின்னையனும் மலைக்காரர்தான், வேறு விதமாக யோசிக்கத் தோன்றவில்லை.

திங்கட்கிழமை காலையில் தாயும் மகனும் அவரை ரேஞ்சர் ஆபீசுக்குக் கூட்டிப்போக வந்து நின்றார்கள். பதவி போய்விட்டது என்று அவர் விளக்கிப் பார்த்தார். கண்ணாயி நம்பவில்லை.

“ஏனுங்க, பட்டம்னா சாகற மட்டுமுங்க. நாங்க தலையில கட்டுன உருமாலை டில்லிக்காரன் எப்பிடி அவுப்பான்?”

“அவுத்தா மறுக்காக் கட்டியுடறோம், வாங்க மாமா” என்று சித்தன் சிரித்தான்.

வழியில் கடைக்காரர் ஒருவர் வழக்கம்போல் எம்.எல்.ஏ. ஐயா என்று கும்பிட்டார். பதிலுக்குக் கும்பிடலாமா கூடாதா என்று தெரியாமல் சின்னையன் மூக்குக்கண்ணாடியைத் துடைத்தார்.

ரேஞ்சர் எழுந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். சின்னையனுக்கு மூச்சு சீரானது. உட்கார்ந்த பிறகுதான் ரேஞ்சர் குரலைத் தணித்துக்கொண்டு சொன்னார்.

“நீங்க சொன்னா நான் கேக்கோணும்னு எந்தச் சட்டமும் இல்லைங்க. ஏன் உட்டேன்னு நாளைக்கு எவனாச்சும் கிளப்புனா, சபையில நீங்க எந்திரிச்சுப் பேசுவீங்க, மந்திரி பதில் சொல்லுவாரு. அந்த நம்பிக்கைதான். இப்ப மந்திரியும் இல்லை, சபையும் இல்லை. பதில் சொல்ல நான் ஒருத்தன்தானுங்க.”

“பையன் என் பேச்சை நம்பித்தான் ஒத்துக்கிட்டானுங்க.”

“அவன் ஒத்துக்கிட்டதைக் கார்டு ரெண்டு பேரு கேட்டிருக்காங்களே. வேற சாட்சியே கிடையாதுங்க. இல்லைன்னே நின்னிருந்தான்னா நானே உட்டிருப்பேன்.”

சின்னையன் பிறகும் வெகுநேரம் பேசினார். ரேஞ்சர் எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டார். வெளியே வந்தபோது, தெண்டம் எவ்வளவு போட்டாங்க என்று கண்ணாயி கேட்டாள்.

மதிய பஸ்ஸில் கார்டுகள் சித்தனைச் சேலத்துக்குக் கூட்டிப் போனார்கள். கோர்ட்டில் அவனுக்கு ஒரு மாதச் சிறை கொடுத்தார்கள்.