நாற்பது மைலுக்குப் பெட்ரோல் கிடையாது

1934ஆம் ஆண்டு மே மாதம் மூன்றாம் வாரத்திலிருந்து மியூல் வெல்ஸுக்கு மேற்கே நாற்பது மைல் தூரத்துக்கு எந்தப் பம்பிலும் பெட்ரோல் வரவில்லை. நியூ மெக்சிகோவில் அந்த வாரம் முட்டை டஜன் பதினைந்து சென்ட் விற்றது. காற்று தென்மேற்கிலிருந்து வீசியது. மியூல் வெல்ஸில் ஓர்ஃபா ஹேஸ்லிப்பின் பங்க்கில் மட்டும் எப்போதும்போல் பெட்ரோல் வந்தது. நெம்புகோலை முன்னும் பின்னும் தள்ளினால் பம்பின் உச்சியிலிருந்த கண்ணாடி உருளையில் சிவப்புச் சாயம் போட்ட பெட்ரோல் ஏறும். குழாயைத் திறந்தால் வண்டிக்குள் இறங்கும். அதில் எந்த அதிசயமும் இல்லை.

ஓர்ஃபாவின் கணவன் ராய்ஸ் அந்த வருஷம் பிப்ரவரியில் அவளை விட்டுப் போயிருந்தான். போனவன் வெகுதூரம் போகவில்லை. பதினான்கு மைல் மேற்கே ஹாஸ்கின்ஸில், சண்டவுன் ஆயில் கம்பெனியின் தயவில், புது பங்க் திறந்தான். வெள்ளை ஓடு பதித்த சுவர், மின்சாரப் பம்பு, கூடவே தபால் அலுவலகத்தில் வேலை பார்த்த பெண். ஓர்ஃபாவுக்கு அவன் விட்டுப்போனது ஒரு செங்கல் கட்டடமும் ஒரு கைப்பம்பும். கூரையில் மெத்தைகளைக் கட்டிக்கொண்டு ஓக்லஹோமாவிலிருந்து கலிபோர்னியாவுக்குப் போகிற வண்டிகள் அவளைத் தாண்டி ஹாஸ்கின்ஸில் போய் நின்றன. கிறிஸ்துமஸுக்குள் அவள் கடையை மூடிவிட்டு அமரில்லோவில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போய்விடுவாள் என்று ராய்ஸ் எல்லோரிடமும் சொன்னான். ஓர்ஃபாவுக்கு அந்த அக்காவைப் பிடிக்காது. அப்போது அவளுக்கு முப்பது வயது.

மே மாதம் சுவர் எழுதுகிற பேர்ட்வெல் வந்தான். சில்வர் க்ரீக் சோடா கம்பெனிக்காக மிசூரியிலிருந்து சாலையோரச் சுவர்களை எழுதிக்கொண்டே வருகிறவன். கம்பெனி சுவரை எடுத்துக்கொண்டு இரண்டாள் உயரத்துக்குச் சோடா பாட்டிலை எழுதும். சுவரின் சொந்தக்காரருக்கு வாடகை கிடையாது; அதற்குப் பதிலாக மேலே ஒரு வரி இலவசம். அதில் தன் கடைக்கு வேண்டியதை எழுதிக்கொள்ளலாம். கிழக்குச் சுவரில், வருகிற வண்டிகள் பார்க்கிற பக்கத்தில், 'அடுத்த பெட்ரோல் பதினான்கு மைல்' என்று எழுதச் சொன்னாள் ஓர்ஃபா. எதிர்ச்சாரியில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த பிலார் பாகா இதைக் கேட்டுவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டே சாலையைக் கடந்து வந்தாள்.

"ஏன்டி, ஓடிப்போன புருஷன் கடைக்கு நீயே வழி சொல்லி அனுப்புறியா?"

"பதினாலு மைலுதானே. உள்ளதத்தானே எழுதணும்."

"அப்ப அங்க கக்கூஸ் சுத்தமா இருக்கும்னும் சேத்து எழுதச் சொல்லு."

பேர்ட்வெல் போன்றவர்கள் எழுத்தைச் சுவரில் நேராக வரைவதில்லை. பெரிய தாளில் எழுத்தின் ஓரம் முழுக்க ஊசித்துளை குத்தி வைத்திருப்பார்கள். தாளைச் சுவரில் ஒட்டிக் கரித்தூள் மூட்டையால் தட்டினால் துளை வழியாகப் புள்ளிகள் விழும். புள்ளியைப் பிடித்துக்கொண்டு தூரிகை போகும். அவனிடம் பெட்ரோலுக்கு ஒரே ஒரு தாள்தான் இருந்தது. மிசூரியிலிருந்து பதினோரு சுவர்களில் அதையே எழுதியிருந்தான். ஓர்ஃபா ஒரு வண்டிக்குப் பெட்ரோல் போட்டுவிட்டுத் திரும்பி வந்தபோது வெள்ளை எழுத்து பாதிக்குமேல் முடிந்திருந்தது: இதற்குப் பிறகு நாற்பது மைலுக்குப் பெட்ரோல் கிடையாது.

"பதினாலுன்னுதானே சொன்னேன்?"

"தாள்ல நாப்பதுதான் குத்தியிருக்கும்மா. புதுசா குத்தணும்னா ரெண்டு நாளாகும். நாளைக்கு எனக்கு வேற ஊரு."

"பொய்ய எழுதி வெச்சுட்டுப் போறியே."

"விளம்பரந்தானேம்மா. பைபிள் மேல கை வெச்சுக்கிட்டா எழுதறேன்?"

சாயம் காய்ந்த வெள்ளிக்கிழமை காலை ஹாஸ்கின்ஸில் ராய்ஸின் பம்பு நின்றது. தரைக்கடியிலிருந்த தொட்டியில் குச்சியை விட்டுப் பார்த்தார்கள். உலர்ந்த குச்சியே வந்தது. கம்பெனி லாரி வந்து நிரப்பியது. அரை மணி நேரத்தில் மறுபடியும் உலர்ந்த குச்சி. ஒழுகலும் இல்லை, வாடையும் இல்லை. ஹாஸ்கின்ஸைத் தாண்டி இருந்த இரண்டு பம்புகளும் சண்டவுன் கம்பெனி வைத்தவைதான், அவையும் நின்றன. வண்டிகளில் ஏற்கெனவே இருந்த பெட்ரோலுக்கு ஒன்றும் ஆகவில்லை. விற்பதற்கென்று ஊற்றினால் மட்டும் போனது. ஒன்பதாம் நாள் ராய்ஸ் வந்து சுவரின் கீழே நின்றான். பிலார் தன் கடை வாசலுக்கு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அந்தச் சுவத்த அழி, ஓர்ஃபா."

"எதுக்கு?"

"பொய் எழுதியிருக்க."

"எழுதினப்போ பொய்தான்," என்றாள் ஓர்ஃபா. "இப்ப போய்ப் பாரு."

ஆகஸ்டில் ராய்ஸ் கலிபோர்னியாவுக்குக் கிளம்பினான். முதலில் அவளிடம் வந்துதான் பெட்ரோல் போட வேண்டியிருந்தது. அவள் தொட்டியை நிரப்பினாள். எல்லோருக்கும் செய்வதுபோல் முன்கண்ணாடியைத் துடைத்தாள், எண்ணெய் பார்த்தாள், ரேடியேட்டருக்குத் தண்ணீர் ஊற்றினாள். ராய்ஸ் ஸ்டியரிங்கையே பார்த்துக்கொண்டிருந்தான். தபால் அலுவலகத்துப் பெண் மட்டும் நன்றி சொன்னாள்.

சண்டவுன் கம்பெனி அப்படிப் போகவில்லை. மறு வருஷம் நீதிமன்ற உத்தரவோடு ஆட்களை அனுப்பிச் சுவருக்கு ஐந்து முறை சுண்ணாம்பு அடித்தது. ஒவ்வொரு முறையும் சுண்ணாம்பு காய்ந்ததும் எழுத்து மேலே வந்தது. பிறகு சுவரை மூடித் தகரம் அடித்தார்கள். தகரத்தில் எழுத்து இன்னும் தெளிவாகத் தெரிந்தது. தகரத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். அந்தக் கோடையில் ஊர்ப் போதகர் தயங்கித் தயங்கி வந்து, சுவரின் ஒரு மூலையில் 'நாளை மழை' என்று எழுதிப் பார்க்கலாமா என்று கேட்டார். மூன்று வருஷமாக மழை இல்லை. ஓர்ஃபா ஏணியைத் தானே பிடித்துக்கொண்டாள். சாயம் காயவில்லை, மாலைக்குள் வழிந்து மண்ணுக்கு வந்துவிட்டது. பிலார் 'உலகத்திலேயே சிறந்த பீன்ஸ்' என்று எழுதிப் பார்த்தாள். அதுவும் வழிந்தது. இரண்டு வாரம் அவள் சுவரைப் பார்க்காமல் நடந்தாள். சுவருக்குச் சாலை விவகாரம் மட்டும்தான் தெரியும் என்று ஊர் முடிவு செய்து, அதோடு விட்டுவிட்டது. ஓர்ஃபா மட்டும் அதில் எதுவும் எழுதிப் பார்க்கவில்லை. நாற்பது என்பது தாளில் இருந்த பொய், தன் வாயிலிருந்து வந்ததல்ல என்பதில் அவளுக்கு ஒரு நிம்மதி இருந்தது.

அதன் பிறகு முப்பத்தைந்து வருஷம் வியாபாரம் நடந்தது. போர் வந்து போனது. கைப்பம்பு போய் மின்சாரப் பம்பு வந்தது. சோடா கம்பெனி திவாலாகி, பாட்டில் சுவரிலிருந்து கழுத்து வரைக்கும் உதிர்ந்தது. அந்த நாற்பது மைலில் வேறு யாரும் பங்க் திறக்கவில்லை. லாரிக்காரர்கள் மியூல் வெல்ஸில் நிரப்பிக்கொள்வதைப் பிரேக் பிடிப்பதுபோல் யோசிக்காமல் செய்தார்கள். கிழக்குச் சுவரில் காலை வெயில் விழும். 1969 வாக்கில் வெள்ளை எழுத்து செங்கல்லின் நிறத்துக்கே வந்துவிட்டது. அதே வருஷம் ஹாஸ்கின்ஸில் ராய்ஸின் பழைய பம்பு யாரும் தொடாமலே சொட்டியது. சண்டவுன் கம்பெனி அங்கே இருபத்திரண்டு பம்புகளோடு பெரிய பங்க் கட்டத் தொடங்கியது. இந்த முறை யாரையும் சுண்ணாம்போடு அனுப்பவில்லை.

1971இல் புதிய நெடுஞ்சாலை வந்தது. ஊருக்குத் தெற்கே அறுநூறு அடி தள்ளி, கம்பிவேலி போட்டு, போகப் பாதி வரப் பாதியாகப் பிரித்துப் போட்டார்கள். அதிலிருந்து மியூல் வெல்ஸுக்குப் பிரிந்து வர இறங்குவழி இல்லை. சாலைத் துறையிலிருந்து ஆஸ்ட்ராண்டர் என்ற இளைஞர் காகிதங்களோடு வந்தார். பிலார் கடையில் மிளகாய்க் குழம்பும் ரொட்டியும் சாப்பிட்டுக்கொண்டே விவரம் சொன்னார்.

"வரைபடம் அச்சாயிடுச்சும்மா. நாப்பத்தி மூணு பேரு இருக்கற ஊருக்கு யாரு இறங்குவழி போடுவா?"

"நாப்பத்தி நாலு," என்றாள் பிலார். "காலைலேருந்து என் கடையில சாப்பிட்டது நீ ஒருத்தன்தான். உன்னையும் ஊர்ல சேத்துட்டேன்."

ஆஸ்ட்ராண்டர் சிரித்தார். நல்ல மனிதர். போகும்போது சுவரின் முன்னால் நின்று ஓர்ஃபாவிடம் இன்னொரு காகிதத்தைக் கொடுத்தார். நெடுஞ்சாலைக்கு அறுநூற்று அறுபது அடிக்குள் இருக்கிற விளம்பரங்களுக்குப் புதுச் சட்டம்.

"இருக்கறது இருந்துட்டுப் போகட்டும். ஆனா மேல ஒரு பூச்சு பூசினாலும் குத்தம். நீங்க ஒண்ணும் செய்ய வேணாம்மா. வெயிலு பாத்துக்கும்."

"முப்பத்தேழு வருஷமா அது பாத்துக்கிட்டுதான் தம்பி இருக்கு."

நெடுஞ்சாலை திறந்த நாளிலிருந்து ஒன்பது நாள் வண்டி வரவில்லை. பத்தாம் நாள் ஒன்று வந்தது. வழி தவறிய வண்டி. அறுநூறு அடிக்கு அப்பால் எல்லா வண்டிகளும் போய்க்கொண்டிருந்தன. பின்சீட்டுப் பிள்ளைகள் கை காட்டினார்கள். பழக்கமான லாரிக்காரர்கள் ஹாரன் அடித்தார்கள், நிற்க முடியாமல் போனார்கள். ஹாஸ்கின்ஸில் இருபத்திரண்டு பம்பிலும் நூல்போலப் பெட்ரோல் ஓடத் தொடங்கியிருந்தது. ஒரு கார் நிரம்ப இருபது நிமிஷம், ஆனால் நிரம்பியது. நான்காவது வாரம் பிலார் தன் கடையின் பெரிய அடுப்பை அணைத்தாள். அமரில்லோவிலிருந்து அக்கா கடிதம் எழுதியிருந்தாள். மாடியறை காலியாக இருக்கிறதாம், ஜன்னல் மேற்கே பார்த்ததாம். ஓர்ஃபா அதைப் படித்துவிட்டு கொட்டகைக்குப் போய் ஏணியை எடுத்தாள். அவளுக்கு வயது அறுபத்தேழு.

செவ்வாய்க்கிழமை காலை பதினோரு மணிக்கு, நெடுஞ்சாலை முழுக்கப் பார்க்கும்படி ஏறினாள். முதலில் பழைய எழுத்தின் மேலேயே வெள்ளைச் சாயத்தை ஓட்டினாள். 'நாற்பது' முடிந்தபோது ஹாஸ்கின்ஸில் இருபத்திரண்டு பம்பும் ஒன்றாக நின்றன. அவள் பங்க்கில் தொலைபேசி உடனே அடித்தது, அவள் எடுக்கவில்லை. பிறகு ஏணியை இறக்கிப் போட்டு, சோடா பாட்டில் உதிர்ந்த இடத்தில், தாளும் இல்லாமல் புள்ளியும் இல்லாமல், வெறுங்கையால் எழுதினாள்: இங்கே இறங்கவும். பக்கத்தில் வலப்புறம் பார்த்து ஓர் அம்புக்குறி. பாதி அம்பில் தூரிகை செங்கல் இடுக்கில் தட்டிக் கோடு கொஞ்சம் வளைந்தது.

பிலார் கீழே நின்று படித்தாள்.

"எங்கடி இறங்குறது? அங்க வேலிதான் இருக்கு. உள்ளதத்தான் எழுதணும்னியே, பொய்யி எழுத மாட்டேன்னியே?"

"இது பொய்யில்ல," என்றாள் ஓர்ஃபா தூரிகையைத் துடைத்துக்கொண்டே. "இன்னும் ஆகல, அவ்வளவுதான்."

"காயலன்னா?"

"காயலன்னா நாளைக்கும் எழுதுவேன். நாளன்னைக்கும் எழுதுவேன். டப்பா நாலு இருக்கு."

இரண்டு பேரும் சுவரின் எதிரே பெட்டிகளைப் போட்டு உட்கார்ந்தார்கள். சாயம் வழிகிறதா என்று பார்த்துக்கொண்டே பிலார் கடைசி ஆப்பிள் கேக்கை இரண்டாக வெட்டினாள். பன்னிரண்டு மணிக்கு எழுத்து ஈரமாக இருந்தது. ஒரு மணிக்கும் ஈரமாக இருந்தது. 'இறங்கவும்' என்பதன் கடைசி எழுத்தின் கீழே ஒரு துளி திரண்டு தொங்கியது. ஓர்ஃபா அதைப் பார்த்தபடியே தன் துண்டைத் தின்றாள். துளி இறங்கவில்லை. இரண்டு மணிக்கு அவள் எழுந்து போய் விரலால் தொட்டுப் பார்த்தாள். விரலில் ஒன்றும் ஒட்டவில்லை.

இரண்டேகாலுக்கு நெடுஞ்சாலையில் ஒரு மாட்டு லாரியின் வலப்பக்க விளக்கு மின்னியது. லாரி வேகம் குறைந்தது, வேலி இருந்த இடத்தில் திரும்பியது, இறங்கி வந்தது. அங்கே கான்கிரீட் பாதை இருந்தது. இரண்டு ஓரமும் சரளை போட்டு, நடுவில் மஞ்சள் கோடு போட்டு, இணைப்பு விரிசல்களில் புல்கூட முளைத்திருந்தது. லாரிக்காரர் இருபது வருஷமாக அவளிடம் வருகிறவர்.

"இறங்குவழி எப்ப போட்டாங்க ஓர்ஃபா? போன வாரம் இல்லையே!"

"ரெண்டு மணிக்கு," என்றாள் ஓர்ஃபா. "ஃபுல்லா?"

மறுநாள் ஆஸ்ட்ராண்டர் மூன்று பொறியாளர்களோடு வந்தார். கான்கிரீட்டைத் துளைத்து மாதிரி எடுத்துப் போனார்கள். சோதனையில் அது நெடுஞ்சாலையின் கான்கிரீட்டைவிட உறுதியாக இருந்தது. இடிப்பதற்கு உத்தரவு போடக் கட்டுமான எண் வேண்டும். அது எந்தக் கோப்பிலும் இல்லை. சட்டத்தை மீறிச் சாயம் பூசியதற்கு நோட்டீஸ் கொடுக்கத்தான் ஆஸ்ட்ராண்டர் மறுபடியும் வந்தார். ஓர்ஃபா நோட்டீஸை வாங்கிக்கொண்டு அவர் காரின் முன்கண்ணாடியைத் துடைத்தாள். தலைநகர் சாந்தா ஃபேக்குத் திரும்பிப் போக அவருக்குப் பெட்ரோல் போதாது.

"ஏறுறதுக்கு வழி இல்லையேம்மா," என்றார் அவர், சுவரைப் பார்த்துக்கொண்டு. "இறங்குனவங்க எப்படித் திரும்பிப் போவாங்க?"

"அத நான் எழுதல."

"எழுதிடாதீங்க," என்றார் ஆஸ்ட்ராண்டர் அவசரமாக. "அத நாங்களே போட்டுக்கறோம்."

ஏறுவழியை அரசே கட்டியது. பதினான்கு மாதம் ஆனது. 1974ஆம் வருஷ வரைபடத்திலிருந்து மியூல் வெல்ஸ் இறங்குவழிக்கு எண் இருக்கிறது. பாதி வழியில் அது கொஞ்சம் இடப்பக்கம் வளைந்து பிறகு நேராகும். அந்த வளைவுக்குக் காரணம் எதுவும் நில அளவையில் இல்லை. அங்கே வேகம் இருபத்தைந்து மைல் என்று அரசு பலகை வைத்திருக்கிறது. லாரிகள் குறைத்துக்கொள்கின்றன.