சின்னவளின் கோணல் எழுத்து

மருத்துவமனைகளுக்கு யூனிஃபார்ம் தைத்துக் கொடுக்கும் கம்பெனி அது. அதை ஆரம்பித்து நடத்துகிறவளை, தையல் மெஷினில் உட்காருகிறவர்கள் முதல் சரக்கு வண்டி ஓட்டுகிறவர் வரை எல்லோரும் மேடம் என்றுதான் கூப்பிடுவார்கள். துணியை இரண்டு விரலால் தடவிப் பார்த்தே அது எத்தனை சலவை தாங்கும் என்று சொல்லிவிடுவாள். அவளிடம் பேரம் பேச உட்கார்ந்தவர்களுக்கு வியர்த்துக் கொட்டும். ஆனால் பேனாவைப் பிடித்தால் மட்டும் கோழி கிளறிய மாதிரி இருக்கும். அவள் போட்ட கையெழுத்து அவளுடையதுதானா என்று பேங்கிலிருந்து கூப்பிட்டே கேட்டிருக்கிறார்கள்.

அதனால்தான் வாடிக்கையாளர்களுக்கு நன்றி அட்டை எழுதும் வேலை அவளுடைய தம்பி மனைவியிடம் போனது. வீட்டில் எல்லோருக்கும் அவள் சின்னவள். கல்யாணமாகி வந்த கையோடு ஆபீஸில் போன் எடுக்க உட்கார்ந்தவள். எழுத்து முத்து முத்தாக இருக்கும்.

"சரக்கு போய்ச் சேந்ததும் ஒரு அட்டை போட்டுடும்மா. என் பேர்லயே போடு" என்று மேடம் சொன்னாள். சின்னவளும் போட்டாள்.

முதலில் 'ஆர்டருக்கு நன்றி' என்பதோடு சரி. போகப் போக, போனில் காதில் விழுந்ததையும் சேர்த்து எழுத ஆரம்பித்தாள். 'மழையில் நனைந்துகொண்டே பெட்டிகளை இறக்கிக்கொண்டீர்கள் என்று டிரைவர் சொன்னார். அதற்கும் சேர்த்து நன்றி' என்று ஒரு ஸ்டோர் கீப்பருக்கு. 'அளவு மாறிப்போன சட்டைகளுக்காக நீங்கள் கோபப்பட்டிருக்கலாம். படவில்லை' என்று இன்னொருவருக்கு. மேடம் எதையும் படித்துப் பார்த்ததில்லை. வந்த வாடிக்கையாளர்கள் போவதில்லை, புதிதாக ஆட்களையும் அழைத்து வருகிறார்கள் என்பது மட்டும் அவளுக்குத் தெரியும். அட்டையைப் பற்றி யாராவது புகழ்ந்தால், "அதெல்லாம் ஒரு பழக்கம்ங்க" என்று சிரித்து வைப்பாள்.

அந்தப் பழக்கத்தைப் பற்றிப் பேசச் சொல்லித்தான் தொழில் முனைவோர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டத்துக்கு அவளைக் கூப்பிட்டார்கள். கையால் எழுதிய நன்றி தொழில் உறவை எப்படி வளர்க்கிறது என்பது தலைப்பு. சிபாரிசு செய்தது பெரிய மருத்துவமனை ஒன்றின் தலைமை நர்ஸ்.

"நான் என்னத்தைப் பேசுறது? நீயே சொல்லு" என்று மேடம் கேட்க, என்னென்ன பேசலாம் என்று சின்னவள்தான் சொல்லிக் கொடுத்தாள்.

"எழுதுறது நீதான்னு மேடையில சொல்லிடட்டுமா?"

"உங்க இஷ்டம் அண்ணி" என்றாள் சின்னவள்.

சொல்லிவிடுவது என்று நினைத்துத்தான் மேடம் மேடை ஏறினாள். ஆனால் மைக்கைப் பிடிப்பதற்குள் கைதட்டல் ஆரம்பித்துவிட்டது. "அட்டை எழுதும்போது அந்த ஆளோட முகத்தை மனசுல கொண்டுவரணும். அவங்க நமக்காக என்ன சிரமப்பட்டாங்கன்னு யோசிக்கணும்" என்றாள். கூட்டம் இன்னும் பலமாகத் தட்டியது. அதற்குப் பிறகு உண்மையைச் சொல்ல இடமே கிடைக்கவில்லை என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். இரண்டாம் வரிசையில் மேடத்தின் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு சின்னவளும் தட்டினாள்.

பேச்சு முடிந்ததும் தலைமை நர்ஸ் எழுந்தார்.

"எங்கம்மா தவறினப்போ எல்லாரும் பூ அனுப்புனாங்க. இவங்க மட்டும் ஒரு அட்டை போட்டாங்க. 'ஒருமுறை உங்கள் அம்மா போனை எடுத்து, என் பொண்ணு சாப்பிடாம வேலை பாக்குறா, நீங்களாவது சொல்லுங்கன்னு என்னிடம் சொன்னார்கள். சொல்லாமல் விட்டுவிட்டேன். இப்போது சொல்கிறேன்'னு எழுதியிருந்துச்சு. அன்னிக்குத்தான் நான் உக்காந்து சாப்பிட்டேன்."

மேடைக்கு மேல் மின்விசிறி ஓடிக்கொண்டிருந்தும் மேடத்துக்குப் புழுங்கியது. அந்த அம்மா இறந்துபோனதே அவளுக்கு அப்போதுதான் தெரியும்.

கீழே இறங்கியதும் தலைமை நர்ஸ் ஒரு புது அட்டையோடு வந்து நின்றார். "எங்க டைரக்டர் ரிட்டயர் ஆகுறார் மேடம். உங்க கையால நாலு வரி எழுதிக் குடுங்க." சுற்றிலும் ஆட்கள். யாரோ பேனாவைத் திறந்து நீட்டினார்கள். மேடத்தின் கை எழவில்லை.

"அண்ணிக்குக் காலையில கார் கதவுல விரல் நசுங்கிடுச்சு" என்று சின்னவள் முன்னால் வந்தாள். "அவங்க சொல்லட்டும், நான் எழுதுறேன்."

அப்பாடா என்றிருந்தது மேடத்துக்கு. மறு நிமிடமே வேறொன்று உறைத்தது. அந்த முத்து எழுத்தைப் பார்த்தால் நர்ஸுக்குத் தெரிந்துவிடாதா?

வாயில் வந்ததைச் சொன்னாள். சின்னவள் எழுதினாள். வரிகள் ஏறி இறங்கின. ஒரு எழுத்து பானை போல உப்பியிருந்தது, அடுத்தது குச்சி போல ஒல்லியாக நின்றது. வேண்டுமென்றே அப்படி எழுதினாள்.

தலைமை நர்ஸ் அட்டையை வாங்கிப் பார்த்துச் சிரித்துவிட்டார். "ஐயோ, அண்ணி பக்கத்துலயே இருக்காங்க. கொஞ்சம் எழுதக் கத்துக்கக் கூடாதாம்மா?"

சுற்றி நின்றவர்களும் சிரித்தார்கள். சின்னவள் தலையைக் குனிந்துகொண்டாள். மேடமும் சிரித்தாள். சிரித்ததோடு நிற்கவில்லை. "நானும் சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன்" என்றாள்.

காரில் ஏறிய பிறகும் அந்த வாக்கியம் அவள் வாயிலேயே ஒட்டிக்கொண்டிருந்தது.

"எப்படிம்மா சட்டுனு அப்படி எழுதுன?"

"அவங்களுக்கு என் எழுத்து தெரியுமே அண்ணி" என்று சொல்லிவிட்டு சின்னவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள்.

மறுநாள் மேடத்துக்கு வேலை ஓடவில்லை. வெட்டு மேஜையில் துணியைத் தலைகீழாக விரித்துவிட்டாள். கட்டிங் மாஸ்டர் அதைத் திருப்பிப் போட்டார். அவள் கையைத் துடைத்துக்கொண்டு மருத்துவமனைக்குக் கிளம்பினாள்.

தலைமை நர்ஸ் அறையில், நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னாள். எதையும் மறைக்கவில்லை. மறைக்க நினைத்த இடங்களில் நர்ஸே கேள்வி கேட்டார்.

"அப்போ எங்கம்மா போன்ல பேசுனது?"

"அவகிட்டதான்."

"அம்மா தவறினது உங்களுக்குத் தெரியுமா, தெரியாதா?"

"நேத்து நீங்க சொல்லித்தான் தெரியும்."

தலைமை நர்ஸ் மூக்குக் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார். பிறகு, "அந்தப் பொண்ணைப் பாத்து நேத்து நான் சிரிச்சேன். என்னை அப்படிச் சிரிக்க விட்டுட்டு நின்னீங்களே" என்றார். மேடம் எழுந்துகொண்டபோது சொன்னார்: "ஆர்டரைப் பத்திக் கவலைப்படாதீங்க. உங்க துணி நல்லாத்தான் இருக்கு. அது வேற, இது வேற."

ஆர்டரை ரத்து செய்திருந்தால் தேவலை என்று படியிறங்கும்போது தோன்றியது.

ஆபீஸுக்குத் திரும்பியபோது சின்னவள் போனைக் கீழே வைத்துக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"அவங்கதான் பேசுனாங்க. அம்மாவைப் பத்திக் கேட்டுக்கிட்டே இருந்தாங்க. எனக்கு ஞாபகம் இருந்ததெல்லாம் சொன்னேன்."

"என் மேல கோவமா?"

"எழுதுனதுக்கு இல்ல அண்ணி. உங்க பேர்ல போடச் சொன்னீங்க, போட்டேன். எனக்கும் அது பிடிச்சிருந்துச்சு. நேத்து விரல் நசுங்குச்சுன்னு பொய் சொன்னதும் நானாத்தான். ஆனா, சொல்லிச் சொல்லிப் பாத்துட்டேன்னீங்களே. அதை உங்களை யாரு கேட்டா?"

மேடம் நாற்காலியை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "மன்னிச்சுடும்மா" என்றாள்.

சின்னவள் தலையை ஆட்டினாள். பரவாயில்லை என்று மட்டும் அவள் வாயிலிருந்து வரவில்லை.

அன்றிலிருந்து அட்டைகள் சின்னவளின் பேரிலேயே போயின. சங்கத்தின் அடுத்த கூட்டத்தில் மேடம் எழுந்து நின்று உண்மையைச் சொன்னாள். சிலர் தட்டினார்கள், சிலர் தரையைப் பார்த்தார்கள். வாடிக்கையாளர்கள் போன் செய்தால் சின்னவளைத்தான் கேட்கிறார்கள். மேடம் எடுத்தால் "அவங்க இல்லீங்களா?" என்கிறார்கள். அவளும் மறுபேச்சில்லாமல் போனை நீட்டிவிடுகிறாள். சின்னவள் வாங்கிக்கொண்டு, "சொல்லுங்க, அப்பா எப்படி இருக்காரு?" என்று ஆரம்பிக்கிறாள். மேடம் அங்கேயே நின்று கேட்டுக்கொண்டிருக்கிறாள்.